எழுத மட்டுமே தெரிந்த இயந்திரங்கள்

அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்காகச் செய்யப்பட்ட ‘ஆல்ஃபாஸ்மார்ட் நியோ’ என்ற கருவியின் தயாரிப்பு 2013இல் நின்றுபோனது. பார்த்தால் வெறும் விசைப்பலகை. அதன் மேல்விளிம்பில் சில வரிகள் மட்டும் தெரிகிற சாம்பல் நிறத் திரை. வண்ணம் இல்லை, படம் இல்லை, இணையம் இல்லை. தட்டியதை எழுத்தாகக் காட்டும், சேமித்து வைக்கும்; அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. தயாரிப்பு நின்று பத்தாண்டு கடந்தும், பழைய பொருட்களுக்கான இணையச் சந்தைகளில் எழுதுகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். 1990களில் பிரிட்டனிலிருந்து வந்த சையான் கையடக்கக் கணினிகளுக்கும், ஹ்யூலெட்-பேக்கர்டின் 200எல்எக்ஸுக்கும், 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100க்கும் இதே கதைதான். உடைந்த கீலை ஒட்டவும், மங்கிய திரையை மாற்றவும், உதிரிப் பாகம் தேடிப் பிடிக்கவும் உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் கையில் இருக்கும் போனோ, இந்தக் கருவிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஈடாகாத திறன் கொண்டது. பிறகு ஏன் இந்த ஏக்கம்?

‘பழசு மேல் உள்ள ஆசை’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். வால்வு ரேடியோ, இசைத்தட்டு, மை ஊற்றும் பேனா என்ற வரிசையில் இதையும் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த ஆசையில் இளமைக்கால நினைவுகளும் கலந்திருக்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு முடித்துக்கொண்டால் முக்கியமான ஒன்று கைநழுவிவிடும். அந்தக் கருவிகளைச் செய்தவர்களுக்கு நினைவகம் தட்டுப்பாடு, மின்சாரம் தட்டுப்பாடு, திரை தட்டுப்பாடு. எதை வைப்பது, எதை விடுவது என்று அவர்கள் முடிவெடுத்தே தீரவேண்டியிருந்தது. அவர்களில் சிலர் எழுதுவதே முதல் வேலை என்று முடிவெடுத்து, மற்றதை விட்டுக்கொடுத்து, அந்த ஒன்றைச் செம்மையாகச் செய்தார்கள். இன்று ஏங்குகிறவர்களின் மனம் நாடுவது அந்த முடிவைத்தான். தட்டுப்பாடு திரும்பி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். முடிவை மட்டும் இன்றைக்கும் எடுக்கலாம், எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நாலு பென்சில் செல், எட்டு வரி

மாடல் 100இலிருந்து தொடங்குவோம். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் தயாரித்தது. அமெரிக்காவில் டாண்டி நிறுவனம் தன்னுடைய ரேடியோ ஷாக் கடைகளில் விற்றது. ஏறக்குறைய ஏ4 தாளின் நீள அகலம், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான எடை, முழு அளவு விசைப்பலகை, வரிக்கு 40 எழுத்து வீதம் எட்டு வரி காட்டும் திரை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ பென்சில் செல் நாலு போட்டால் சுமார் 20 மணி நேரம் ஓடும். அடிப்படை மாதிரியின் நினைவகம் 8 கிலோபைட், விலை 1,099 டாலர். உள்ளே இருந்த மென்பொருள் மைக்ரோசாஃப்ட்டுடையது. தன் கைப்படப் பெரும்பகுதி நிரல் எழுதிய கடைசி இயந்திரம் அதுதான் என்று பில் கேட்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதை விரும்பி வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் பத்திரிகை நிருபர்கள். மைதானத்திலோ நீதிமன்ற வராந்தாவிலோ உட்கார்ந்து செய்தியை எழுதி, அங்கிருந்தே அலுவலகத்துக்கு அனுப்பிவிட முடிந்தது. கருவிக்குள்ளேயே மோடம் இருந்தது. தொலைபேசிக் கம்பியில் நேரடியாகச் செருக வழியில்லாத இடங்களில், ரிசீவரின் காதுப்பக்கத்தையும் வாய்ப்பக்கத்தையும் இரண்டு ரப்பர் கிண்ணங்களுக்குள் அழுத்திப் பொருத்துவார்கள். எழுத்து ஒலியாக மாறிக் கம்பி வழியே போகும். வேகம் 300 பாட், அதாவது நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 600 சொல் கொண்ட ஆங்கிலச் செய்தி போய்ச்சேர இரண்டு நிமிடம் ஆகும். இன்றைய கணக்கில் ஆமை வேகம். ஆனால் அதுவரை நிருபர் தொலைபேசியில் வரி வரியாக வாசிக்க, மறுமுனையில் ஒருவர் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்த காலம் அது. அதோடு ஒப்பிட்டால் இது எத்தனை பெரிய விடுதலை என்பது புரியும்.

இந்த இயந்திரத்தில் கவனிக்க வேண்டியது, எதில் கையை இறுக்கினார்கள், எதில் தாராளம் காட்டினார்கள் என்பதை. திரையிலும் நினைவகத்திலும் வேகத்திலும் இறுக்கினார்கள். விரல் படும் இடத்தில் இறுக்கவில்லை. மென்பொருள் முழுவதும் அழியாத நினைவகச் சில்லில் பதிந்திருந்ததால், சுவிட்சைத் தள்ளிய மறுநொடி கோப்புகளின் பட்டியல் வந்து நிற்கும். அணைத்தாலும் எழுதியது அழியாது. பென்சில் செல்லை மாற்றும் நேரத்தில் நினைவகத்தைக் காப்பாற்ற உள்ளே தனியாக ஒரு சிறிய பேட்டரி உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். 8 கிலோபைட்டை வைத்துக்கொண்டு அளக்காமல் போடவே முடியாது. அளந்தவர்கள், எழுதுகிறவர் பக்கம் உட்கார்ந்து அளந்தார்கள்.

கீலுக்குள் ஒளிந்த யோசனை

இந்த அளவறிந்த வேலை உச்சம் தொட்டது 1997இல் வந்த சையான் சீரிஸ் 5இல். டேவிட் பாட்டர் 1980இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் சையான். 1984இல் ஆர்கனைசர், 1991இல் சீரிஸ் 3 என்று படிப்படியாகக் கற்றுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. சீரிஸ் 5 கோட்டுப் பையில் அடங்கும். எடை சுமார் 350 கிராம். இரண்டு பென்சில் செல்லில் 20 மணி நேரம் ஓடும். இவ்வளவு சின்ன உடம்பில், இரண்டு கைகளாலும் தட்டக்கூடிய விசைப்பலகையை எங்கே வைப்பது? வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்ட் விடையைக் கீலில் கண்டுபிடித்தார். மூடியைத் திறக்கும்போது விசைப்பலகை முன்பக்கம் நழுவி வெளியே வரும். திரை பின்னால் சாய்ந்து அந்த விசைப்பலகை விட்ட இடத்தில் ஊன்றிக்கொள்ளும். எடை முன்னும் பின்னும் பரவிவிடுவதால், தொடுதிரையைப் பேனாமுனையால் அழுத்தினாலும் கருவி மல்லாந்து விழாது. விரலுக்கு இடம், திரைக்குச் சாய்வு, உடம்புக்குச் சமநிலை என்று மூன்று சிக்கலுக்கும் ஒரே அசைவில் தீர்வு. இருபதாண்டு கழித்து 2018இல், பிளானட் கம்ப்யூட்டர்ஸ் என்ற லண்டன் நிறுவனம் ‘ஜெமினி’ என்ற ஆண்ட்ராய்டு கருவியைக் கொண்டுவந்தபோது, விசைப்பலகைக்காக மறுபடியும் அதே ரிடிஃபோர்டைத்தான் தேடிப் போனது.

ஆல்ஃபாஸ்மார்ட்டின் வழி வேறு. ஆப்பிளில் வேலை பார்த்த கேதன் கோத்தாரி, ஜோ பாரஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் 1992இல் தொடங்கிய நிறுவனம் அது. மாணவர் ஒவ்வொருவருக்கும் கணினி வாங்கித்தரப் பள்ளியிடம் பணம் இல்லை. எழுதும் வேலையை மட்டும் தனியே பிரித்து மலிவான கருவியில் வைத்தால் என்ன என்பதே அவர்கள் யோசனை. நியோவில் எட்டுக் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி விசை. சேமிக்கும் கட்டளையே தேவையில்லை. தட்டத் தட்டப் பதிவாகிவிடும். அணைத்துவிட்டு மறுநாள் திறந்தால் விட்ட சொல்லிலேயே நிற்கும். மூன்று பென்சில் செல்லில் 700 மணி நேரம் ஓடும் என்றது நிறுவனம். எழுதியதைக் கணினிக்கு மாற்றும் விதத்தில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. கேபிளை மாட்டியதும் கணினி இதை இன்னொரு விசைப்பலகை என்று நம்பிவிடும். அனுப்பும் விசையை அழுத்தினால், கோப்பில் உள்ளதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இந்தக் கருவி கடகடவென்று தானே தட்டிக்கொடுக்கும். தனி மென்பொருள் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். விசைப்பலகையை ஏற்கும் எந்தக் கணினியும் இதை ஏற்கும். இருபதாண்டுப் பழைய கருவி நேற்று வாங்கிய கணினியோடும் ஒத்துப்போவதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் கருவிக்கும் ஒப்புக்கொள்ளாத கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆப்பிள் நியூட்டன், பாம் பைலட் என்ற இரண்டு கையடக்கக் கருவிகள் காட்டின. 1993இல் வந்த நியூட்டன், உங்கள் கையெழுத்து எப்படி இருந்தாலும் படித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தது. படிக்கத் தடுமாறியது. ‘டூன்ஸ்பரி’ என்ற சித்திரத் தொடர் அதைக் கேலி செய்ய, ஊரே சிரித்தது. பின்னால் வந்த மாதிரிகளில் எவ்வளவோ தேறியும் பெயர் மீளவில்லை. 1998இல் ஆப்பிள் கைவிட்டது. பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் எதிர்த்திசையில் யோசித்தார். கருவி செய்யும் முன்பே சட்டைப்பை அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி வைத்துக்கொண்டு, அதையே கருவியாகப் பாவித்து, எப்போதெல்லாம் கை அதை நாடுகிறது என்று பார்த்தார். 1996இல் விற்பனைக்கு வந்த பைலட், எல்லாக் கையெழுத்தையும் படிப்பதாகச் சொல்லவில்லை. ‘கிராஃபிட்டி’ என்ற எளிய எழுத்துமுறையைக் கொடுத்து, எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பயன்படுத்துபவரைக் கேட்டுக்கொண்டது. மக்கள் கற்றுக்கொண்டார்கள்.

எழுதுபவரால் யாருக்கு லாபம்?

இவ்வளவு யோசித்துச் செய்தவை ஏன் நிலைக்கவில்லை? எழுதுவதில் தோற்றதால் இவை போகவில்லை. 1998இல் எரிக்சன், நோக்கியா, மோட்டரோலா ஆகிய போன் நிறுவனங்களோடு சேர்ந்து சையான் ‘சிம்பியன்’ என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. 2001இல் பொதுமக்களுக்கான கையடக்கக் கணினித் தொழிலிலிருந்து விலகிவிட்டது. 2000களில் நம் ஊரில் பலர் பெருமையாக வைத்திருந்த நோக்கியா 6600க்குள் ஓடியது சையான் வம்சத்து இயங்குதளம்தான். மென்பொருள் போனுக்குக் குடிபெயர்ந்தது. விசைப்பலகையும் கீலும் பின்தங்கிவிட்டன. பையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் இடம் என்று மக்கள் தீர்மானித்தபோது, முதலிடம் பேச்சுக்குப் போனது, அடுத்தது கேமராவுக்கு, அதற்கடுத்தது இணையத்துக்கு. நீளமாக எழுதுவது எப்போதுமே சிறுபான்மையினர் வேலை. அது கடைசி வரிசைக்குப் போனதில் வியப்பில்லை.

அதே சமயம் வியாபாரக் கணக்கும் மாறியது. சையான் நிறுவனத்துக்கு விற்ற அன்றே காசு வந்துவிட்டது. வாங்கியவர் நாள் முழுக்க எழுதினாலும், மேசை இழுப்பறையில் போட்டு மறந்தாலும் நிறுவனத்துக்கு இழப்பில்லை. இன்றைய போனில் நாம் அதிகம் புழங்கும் செயலிகள் பல இலவசம். அவற்றுக்குச் சோறு போடுவது விளம்பரம். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ, எத்தனை முறை திரும்பி வருகிறோமோ அதைப் பொறுத்தே வருமானம். ஒரு பத்தியில் மூழ்கி ஒரு மணி நேரம் வேறெதையும் தொடாத எழுத்தாளர் இந்தக் கணக்கில் நட்டம். யாரோ கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. வருமானம் வரும் திசையில் வடிவமைப்பும் சாயும்; அவ்வளவுதான். பழைய கருவிகள் நம் கவனத்தை மதித்ததுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம். கவனத்தைப் பிடித்துவைப்பதால் அவற்றுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதன் விளைவை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலகங்களில் மக்கள் கணினியில் வேலை செய்வதைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தவர். 2004இல் ஒரு திரையில் கவனம் நின்ற சராசரி நேரம் சுமார் இரண்டரை நிமிடம். பிந்தைய ஆண்டுகளின் அளவீடுகளில் அது ஏறத்தாழ 47 நொடியாகச் சுருங்கிவிட்டது. அவர் கண்டறிந்த இன்னொன்று நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. வேலையின் நடுவே வரும் குறுக்கீடுகளில் கிட்டத்தட்ட பாதி வெளியிலிருந்து வருவதில்லை. வேலை செய்கிறவர் தானாகவே வேறொன்றுக்குத் தாவுகிறார். அறிவிப்பு ஒலியை அணைத்துவிட்டால் பாதிச் சிக்கல்தான் தீரும். மீதிப் பாதிக்குக் காரணம், தாவுவதற்கான வாசல்கள் அதே திரையில் திறந்தே கிடப்பது.

எதிர்வாதங்கள்

முதல் மறுப்பு: இது மறதியின் வேலை. கருவியின் குறைகளெல்லாம் மறந்து, நல்லது மட்டும் மனதில் தங்கிவிட்டது. இதில் நிறைய உண்மை இருக்கிறது. மாடல் 100இன் திரைக்கு உள்விளக்கு கிடையாது. இருட்டில் ஒன்றும் தெரியாது. அதன் உள்பேட்டரி ஆண்டுகள் கழித்துக் கசிந்து பலகையை அரித்துவிடும். அத்தனை அழகாகத் திறந்த சீரிஸ் 5இல், திறந்து மூடித் திறந்து மூடித் திரைக்குப் போகும் பட்டைக் கேபிள் விரிசல் விட்டுவிடும். பைலட்டின் பேட்டரி முற்றிலும் தீர்ந்தால், கணினியில் நகல் எடுத்து வைக்காதவருக்கு எல்லாமே போச்சு. இவை தவிர, வந்த சுவடு தெரியாமல் குப்பைக்குப் போன மோசமான கருவிகள் எத்தனையோ. அவற்றுக்காக யாரும் ஏங்குவதில்லை. எல்லாம் சரி. ஆனால் இந்தக் குறைகளின் பட்டியலைப் பாருங்கள்: விளக்கு, கேபிள், பேட்டரி, நினைவகம். எல்லாமே பொருள் சார்ந்தவை. தொழில்நுட்பம் வளர வளரத் தீர்ந்தவை. நிறைகளின் பட்டியலோ உடனே விழிப்பது, தானே சேமிப்பது, விரலுக்கு இடம் கொடுப்பது, எந்தக் கணினியோடும் சேர்வது. இவை வடிவமைத்தவர்களின் தேர்வுகள். குறைகள் தீர்ந்த காலத்தில் நிறைகளையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோம் என்பதுதான் புகார். அந்தப் புகாருக்கு மறதி பதிலாகாது.

இரண்டாவது மறுப்பு: போனிலேயே இணையத்தைத் துண்டித்துவிட்டு எழுதலாமே? மனக்கட்டுப்பாடு இல்லாதவர்தான் கருவியைக் குறை சொல்வார். போனில் நாவலே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் மனக்கட்டுப்பாடு செலவாகும் பொருள். திருவிழாக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து கடைக்கணக்கு எழுத முடியாது என்றில்லை, எழுதலாம். கணக்கில் போகவேண்டிய மூளையில் பாதி, கூட்டத்தைப் பார்க்காமல் இருப்பதில் போய்விடும். விரல் எட்டும் தூரத்தில் எல்லாம் இருக்க, ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை மட்டும் தீர்மானித்து, எழுதும் கருவியைக் கையில் எடுப்பது அதைவிடச் சிக்கனம். கண்ணாடித் திரையில் தட்டுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. விசை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாததால் கண் கீழேயே நிற்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் மேலே இருக்கிறது. குரலில் சொல்லி எழுதவைக்கும் வசதி முதல் வரைவுக்குக் கைகொடுக்கும். அடித்துத் திருத்தி, வாக்கியத்தை இடம் மாற்றும்போது மறுபடியும் விரல்தான் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது: இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு. 2014இல் ‘ஹெமிங்ரைட்’ என்ற பெயரில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டி, 2016இல் ‘ஃப்ரீரைட்’ என்று வாங்கியவர்கள் கைக்குப் போய்ச்சேர்ந்த கருவியைப் பாருங்கள். மின்தாள் திரை, இயந்திர விசைகள், அம்புக்குறி விசைகூட இல்லாத எளிமை. விலை 500 டாலருக்கு மேல். அந்தப் பணத்துக்கு ஒரு மடிக்கணினியே வாங்கிவிடலாம். இல்லாமையை அலங்காரமாக்கிக் கூடுதல் விலைக்கு விற்பது என்று சொன்னால் தவறில்லை. ஆனால் ஆல்ஃபாஸ்மார்ட் பிறந்ததோ பணமில்லாத வகுப்பறைக்காக. மடிக்கணினி விலையில் சிறு பங்குக்கு அதை விற்க முடிந்ததற்குக் காரணமே, எழுத்தைத் தவிர மற்றதை அது விட்டுவிட்டது. எழுதும் கருவி என்றாலே விலை கூடித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. இன்று விலை கூடியிருப்பதற்குக் காரணம், குறைந்த எண்ணிக்கையில் செய்து ரசிகர்களுக்கு விற்பது. பள்ளிக்கூடங்கள் மொத்தமாக வாங்கிய காலத்தில் கதை வேறாக இருந்தது.

தமிழுக்கு இதில் என்ன?

நமக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய மறுப்பு ஒன்று உண்டு. இந்தக் கருவிகளில் எதுவும், கடைக்கு வந்த நிலையில், தமிழில் எழுதியதில்லை. மாடல் 100, சீரிஸ் 5, நியோ எல்லாமே ஆங்கிலத்தையும் மேற்கு ஐரோப்பிய மொழிகளையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கூட எடுத்துச்செல்லும் எழுத்துக்கருவி என்றால் அந்தக் காலத் தமிழருக்கு, யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா வகுத்த விசையமைப்போடு வந்த தட்டச்சுப்பொறிதான். யூனிகோடின் முதல் பதிப்பில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை 1999இல் சென்னையில் நடந்த தமிழ்க் கணிமை மாநாட்டையொட்டி அறிமுகமானது. கைக்கருவிகளுக்கு அவை வந்துசேர வெகுநாள் ஆயிற்று. நினைவகத் தட்டுப்பாடும் நமக்குக் கூடுதலாக வலித்திருக்கும். இன்று வழக்கத்தில் உள்ள குறியீட்டு முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ‘கி’ என்று எழுத, ககரத்துக்கு மூன்றும் கொக்கிக்கு மூன்றுமாக ஆறு பைட். இந்தக் கட்டுரை மாடல் 100இன் உச்ச நினைவகமான 32 கிலோபைட்டிலும் அடங்காது. தமிழைச் சாதாரண மனிதரின் கைக்குக் கொண்டுவந்தது, நாம் இவ்வளவு நேரம் குறைசொன்ன அதே போன்தான். அந்த நன்றியை மறந்துவிட்டு இங்கிலாந்துக்காரரின் இளமை நினைவை நாம் இரவல் வாங்கிக்கொள்வதில் பொருளில்லை.

ஆகவே தமிழருக்கு இங்கே ஏங்குவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எடுத்துக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது. நம்முடையதைவிடச் சிக்கலான எழுத்துமுறையைக் கொண்ட ஜப்பானியர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1978இல் தோஷிபா அறிமுகப்படுத்திய முதல் ஜப்பானிய மொழிச் சொற்செயலிக் கருவி மேசை அளவு இருந்தது. எடை 220 கிலோ, விலை 63 லட்சம் யென். 1980களில் அந்த வகைக் கருவிகள் சுருங்கி, மலிந்து, வீடுகளுக்குள் வந்தன. கணினி அவற்றை விழுங்கிய பிறகு, 2008இல், கிங் ஜிம் என்ற நிறுவனம் ‘பொமேரா’வைக் கொண்டுவந்தது. மடக்கி விரிக்கும் விசைப்பலகை, கறுப்பு வெள்ளைத் திரை, ஒலியாகத் தட்டினால் ‘கஞ்சி’ எனப்படும் ஜப்பானியச் சொல்லெழுத்தாக மாற்றித்தரும் மென்பொருள். இரண்டு சிறிய பேட்டரியில் 20 மணி நேரம். கிங் ஜிம் கணினி நிறுவனமே கிடையாது. அலுவலக ஃபைல்களுக்குப் பெயர்பெற்ற எழுதுபொருள் நிறுவனம். எழுதும் கருவியை அது கணினியின் தம்பியாகப் பார்க்காமல் நோட்டுப் புத்தகத்தின் தம்பியாகப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. 2022இலும் புதிய மாதிரியை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான கஞ்சி எழுத்துகளைக் கொண்ட மொழிக்கே இது முடியும் என்றால், உயிரும் மெய்யும் ஆய்தமுமாக 31 விசைகளில் 247 எழுத்தையும் தட்டிவிடக்கூடிய தமிழ்99ஐ வைத்துக்கொண்டு தமிழுக்கு முடியாமல் போக வழியில்லை.

நம் பக்கத்தில் ஒரு முயற்சி வேறு திசையில் நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ 2004இல் விற்பனைக்கு வந்தது. ஏழைக்கும் எட்டும் விலை, இந்திய மொழிகள், பலர் பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு என்று நோக்கம் உயர்ந்ததாக இருந்தது, சந்தையில் எடுபடவில்லை. கிராமத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே கருவியில் தீர்க்க நினைத்ததும், அதற்குள் மலிவு போன்கள் வந்து குவிந்ததும் அதற்கு எதிராக வேலை செய்தன. எல்லாம் செய்யும் கருவியாக இருந்து போனோடு போட்டியிட முடியாது என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம். போன் சரியாகச் செய்யாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போட்டியே இல்லை.

என்ன கேட்க வேண்டும் என்பது இப்போது தெளிவு. திறந்தவுடன் விழிக்க வேண்டும். தட்டத் தட்டச் சேமிக்க வேண்டும். விசைகளில் தமிழ் எழுத்து அச்சாகியிருக்க வேண்டும். எழுதியது எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரண உரைக்கோப்பாக இருக்க வேண்டும். கணக்குத் தொடங்கச் சொல்லக் கூடாது. பேட்டரியை வாங்கியவரே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2023இலேயே சட்டம் இயற்றிவிட்டது. சில விலக்குகளோடு 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருவதாக அந்தச் சட்டம் சொல்கிறது. மற்றவற்றில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. ராஸ்பெரி பை போன்ற மலிவான சிறுகணினியில் ஒரு சின்னத் திரையையும் விசைப்பலகையையும் பொருத்தித் தங்களுக்கென்று எழுதும் கருவி செய்துகொள்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதில் ஓடும் லினக்ஸில் தமிழ்99 உள்ளீடு ஏற்கெனவே இருக்கிறது. பாலிடெக்னிக் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.

இதற்கெல்லாம் வாங்க ஆள் இருக்குமா என்று கேட்கலாம். கோடிக்கணக்கில் இருக்க மாட்டார்கள். நாவல் எழுதுகிறவர், மொழிபெயர்ப்பாளர், செய்தியாளர், ஆய்வேடு எழுதும் மாணவர், பள்ளியில் கட்டுரை எழுதப் பழகும் பிள்ளை என்று சில ஆயிரங்களில் தொடங்கலாம். ஃபைல் விற்கும் நிறுவனம் ஒன்று அப்படியொரு சிறுபான்மையை நம்பி இறங்கி, பத்தாண்டுக்கு மேல் புதுப்புது மாதிரிகள் வெளியிட்டது. பழைய கருவிகளைத் தேடி வாங்குகிறவர்கள் செய்வதும், தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் காசு கொடுத்துச் சொல்வதுதான். தமிழில் எழுதுகிறவர்கள் இன்னும் வாய்விட்டுக்கூடச் சொல்லத் தொடங்கவில்லை. எழுத்துருவும் யூனிகோடும் விசைப்பலகையும் கேட்டுக் கேட்டு, வாதாடி வாங்கிய மொழி இது. அடுத்ததாகக் கேட்க வேண்டியது, அவற்றை வைத்து நிம்மதியாக எழுத ஒரு கருவி.